அந்த எஞ்சினுக்கு ஏசி சேராது

தம்பி,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, என் கல்யாணத்துக்கு அம்மா ஜீப்புல வரமாட்டேன், பஸ்ஸுல வாரேங்குது. ஏன்னு கேட்டா உங்கப்பாகிட்டயே கேளுங்குது. அங்க என்னதான் நடக்குது?" நான் உடனே "ஹலோ, ஹலோ, ஒண்ணும் கேக்கலப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உண்மையில் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அறையில் யாரோ "தோசை மாவு தீந்துபோச்சு" என்று சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டது. நாக்குக்கு ஓய்வு கொடுத்தே பழக்கமில்லாத உன் அப்பன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிக்னல் மேல் பழியைப் போட்டான் என்றால், விஷயம் கொஞ்சம் பெரிது என்று நீயே ஊகித்திருப்பாய். பழியை அடுத்த ஆள் மேல் போடுவது எனக்குப் பழக்கம். இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். நாலு பேர் படிக்கிற மாதிரி இதை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பொய்யை ஊர் முழுக்கச் சொன்னவன், திருத்தத்தை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொல்வது நியாயமில்லை.

ஜீப்பு வாங்கியபோது நீ கல்லூரியில் இருந்தாய். மலையில் ஏதோ எஸ்டேட்டில் ஓடிய பழைய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். நம் கரிசலில் ஒரு மழை பெய்தால் பைக் டயரில் மண் அப்பி, மட்கார்டுக்குள் போய் அடைத்து, கடைசியில் நாம்தான் பைக்கைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற காட்டுக்குள் போய்வரவும் அதைவிட்டால் வேறு வண்டி தோதுப்படாது. இவையெல்லாம் நான் எடுத்துச் சொன்ன காரணங்கள். உங்கம்மாவுக்குப் பிடித்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டியில் ஏசி இருந்தது. திருச்சுழியைத் தாண்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காற்று வருகிற ஓட்டையைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்வாள். "வீட்டுல இல்லாத குளிரு வண்டியில இருக்கு. பேசாம இதுலயே குடியிருக்கலாம் போல" என்பாள். அவள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளையும் வண்டியைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளையும் எண்ணிப் பார்த்தால் வண்டிதான் ஜெயிக்கும்.

நாலு வருஷத்துக்கு முன் பந்தல்குடி ரோட்டில் அதன் எஞ்சின் உயிரை விட்டது. அருப்புக்கோட்டையில் பட்டறை வைத்திருக்கிற சேசுராஜ் வந்து பார்த்து, "இதுக்கு வைத்தியம் பாக்குறது வீண் வேலைண்ணே, வேற எஞ்சினே மாத்திருவோம்" என்றான். மதுரையில் பழைய வண்டி உடைக்கிற இடத்திலிருந்து, அடிபட்ட பெரிய காரின் டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். அது ஜீப்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஏசி மட்டும் இடித்தது. காற்றைக் குளிர வைக்கிற வேலையைத் தொடங்கி வைப்பது கம்ப்ரசர் என்கிற உருண்டை. பழைய எஞ்சினில் அது வலது பக்கம் இருந்தது. புது எஞ்சினில் அதற்கு இடம் இடது பக்கம். பழைய குழாய்கள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. கம்ப்ரசரைத் தாங்க ஒரு இரும்புப் பட்டை அடிக்க வேண்டும். வேறு அளவில் பெல்ட் வேண்டும். குழாய்க்கு நீளம் கூட்ட வேண்டும், வயரிங் புதிதாக இழுக்க வேண்டும். சேசுராஜ் தலையைச் சொறிந்துவிட்டு, "ஒரு வாரம் குடுங்கண்ணே, ஏசியையும் கோத்துத் தந்துர்றேன்" என்றான்.

எனக்கு ஒரு வாரம் பொறுக்கவில்லை. அதற்கு உருப்படியான காரணம் எதுவும் இல்லை, தம்பி. வெள்ளிக்கிழமை புது எஞ்சினோடு வருவேன் என்று டீக்கடையில் சொல்லியிருந்தேன். போதாக்குறைக்கு, ஏசி மாட்டினால் வண்டியின் இழுவை குறையும் என்று அங்கே ஒரு ஆள் சொன்னார். அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் அவர் பேச்சைக் கேட்டேன். "ஏசிய அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டு வாசலில் உங்கம்மா ஏறி உட்கார்ந்து, குமிழைத் திருகினாள். ஒன்றும் வரவில்லை. "ஏங்க, குளிரு வரலையே" என்றாள். நான் கண்ணிமைக்காமல் சொன்னேன்: "அந்த எஞ்சினுக்கு ஏசி சேராதாம். சேசுராசு கைய விரிச்சிட்டான்." எண்ணிப் பார்த்தால் இரண்டே வாக்கியம். முதலாவது ஒரு இரும்பின் மேல் சொன்ன பொய், இரண்டாவது ஒரு மனுஷன் மேல் சொன்ன பொய். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு உன் பெண்டாட்டி ஏதாவது கேட்டால், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். சோம்பேறித்தனம் என்றால் அதையும் சொல். முடியாதென்று அடுத்த ஆள் சொன்னதாக மட்டும் சொல்லாதே. அந்த அடுத்த ஆள் என்றைக்காவது காய்கறி வாங்கச் சந்தைக்கு வருவான்.

அதற்கடுத்த வைகாசியில் குமாரலிங்கபுரத்தில் உங்கம்மாவின் சித்தப்பா மகள் வீட்டில் காதுகுத்து. புது எஞ்சின் பெரிசு. அதன் வெக்கை முன்பக்கத் தகரத்தைத் தாண்டி நேரே காலில் அடித்தது. வழியில் லோடு லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம். போய்ச் சேர்ந்தபோது உங்கம்மாவின் பட்டுச் சேலை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பந்தல் வாசலில் ஒரு அம்மா அந்த நனைந்த சேலையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டார். பந்தலே சிரித்தது. உங்கம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் கைச்சரக்கு. கல்யாணம், சடங்கு, புதுவீடு என்று எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் "அந்தக் குமாரலிங்கபுரம் கதையச் சொல்லுங்க" என்பார்கள். சொல்லச் சொல்ல அதில் நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். மூன்றாம் தடவை ஒரு வாளி வந்தது, ஆறாம் தடவை ஒரு துண்டு வந்தது. நீயும் கேட்டுச் சிரித்திருக்கிறாய். இங்கே அதை நான் திரும்பச் சொல்லவில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அந்தக் காதுகுத்துக்குப் பிறகு உங்கம்மா ஜீப்பில் ஏறவில்லை. சண்டை எதுவும் போடவில்லை. "பஸ்ஸுல காத்து வரும், நாலு ஆளுகளப் பாக்கலாம்" என்றாள். பஸ்ஸில் பெண்கள் பேசுகிற பேச்சின் ருசிக்காகத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே அந்தப் பேச்சில் கொஞ்சம் பொறாமை உண்டு. சந்தேகம் வரவேண்டிய இடத்தில் பொறாமை வந்தால் மனுஷன் எப்படி உருப்படுவான்.

இப்படியே நாலு வருஷம் ஓடியது. பிறகு உன் கல்யாணம் நிச்சயமானது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பத்திரிகை வைக்க அப்பனும் ஆத்தாளும் சோடியாகப் போக வேண்டும். ஒற்றை ஆளாகப் போய்த் தாம்பாளத்தை நீட்டினால், "ஏன், தங்கச்சிக்கு எங்க வீட்டுப் படி ஏறக் கால் வலிக்குதாமா" என்று கேட்டுவிட்டு, கல்யாணத்தன்றைக்கு வயிற்றுவலி என்பார்கள். ஆகவே நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் ஜீப்பில் முன்னால் போய் அந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். பின்னால் உங்கம்மா பஸ்ஸில் வந்து இறங்குவாள். நான் தாம்பாளத்தை எடுத்துக் கொடுப்பேன். அங்கிருந்து இருவரும் சோடியாக நடந்துபோய், ஒன்றாக வந்தது போலவே முகத்தை வைத்துக்கொண்டு பத்திரிகை வைப்போம். திரும்ப ஸ்டாப்புக்கு வந்து, அவள் பஸ் ஏறியதும் நான் வண்டியை எடுப்பேன். இப்படிப் பதினாலு ஊர் முடித்தோம். ஒரு ஊரில் கண்டக்டரே தலையை நீட்டி, "அண்ணே, அடுத்து எந்த ஊருன்னு சொன்னா நானே அக்காகிட்டச் சொல்லிருவேன்" என்றார். எல்லாம் சரிதான். ஆனால் பஸ்ஸே போகாத இடம் ஒன்று இருந்தது. பரளச்சிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் வீடு கட்டியிருக்கிற உன் தாய்மாமன் வீடு. ரோட்டிலிருந்து அஞ்சு கிலோமீட்டர் வண்டிப்பாதை. அக்கினி வெயிலில் அதை நடக்க முடியாது. சோடியாகப் போய் அழைக்காவிட்டால் உன் மாமா வரமாட்டார். அவர் வராவிட்டால் உனக்கு மாலை எடுத்துப் போட ஆளில்லை. அந்தப் பத்திரிகையை மட்டும் நாங்கள் இருவரும் பார்த்தும் பார்க்காதது போல அலமாரியில் வைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு சேசுராஜ் வீட்டுக்கு வந்தான். பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் ஒரு சாக்குமூட்டை. அதை இறக்கி வாசலில் வைத்துப் பிரித்தான். உள்ளே நம் பழைய கம்ப்ரசர், எண்ணெய்த் துணி சுற்றி, நாலு வருஷமாகப் பத்திரமாக இருந்தது.

"அண்ணே, மதினி சந்தையில வச்சு என்னைய என்ன கேட்டாகன்னு தெரியுமா?"

"என்ன கேட்டா?"

"'ஏந்தம்பி, எஞ்சின மாத்தத் தெரிஞ்ச ஒனக்கு ஒரு ஏசி கோக்கத் தெரியாமப் போச்சா, எம் மகன் கல்யாணத்துக்குள்ளயாவது யாருகிட்டயாச்சும் கேட்டுப் படிச்சிக்க'ன்னாக. தக்காளிக்காரம்மா தராசக் கீழ வச்சிட்டுக் கேக்குது."

"நீ என்னப்பா சொன்ன?"

"'சரி மதினி'ன்னேன். ஒங்க வீட்டுக்காரவுக பொய் சொல்றாகன்னு தக்காளிக்காரம்மா முன்னாடி சொல்லச் சொல்றீகளா?"

நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்தேன். செருப்பு காலில்தான் இருந்தது. அவன் விடவில்லை. "நாலு வருசமா ஏசி வேலைன்னு ஒரு வண்டி எம் பட்டறைக்கு வரலைண்ணே. ஊருல யாருக்கும் ஏசி ரிப்பேராகலை போலன்னு நெனச்சேன். திருச்சுழி பஸ்ஸுல ஏறுற பொம்பளையாளுக பூராவும் 'சேசுராசுக்கு ஏசி தெரியாது'ன்னு பேசிக்கிறது இன்னைக்குத்தான் தெரியுது" என்றான். நான் "இப்பக் கோத்துருவோமா?" என்று கேட்டேன். "கோத்துருவோம். கம்ப்ரசர் மாட்டுறேன், பைப்பு போடுறேன், வயரிங் இழுக்குறேன். கேஸ் மட்டும் அடைக்க மாட்டேன். மதினிகிட்ட ஒங்க வாயால உண்மையச் சொல்லிட்டு வாங்க, அப்ப அடைக்கிறேன்." கேஸ் இல்லாத ஏசி வெறும் குழாய். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வேலையை அவன் செய்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். லேத்துப் பட்டறையில் தடித்த பட்டையை அறுத்து, ஓட்டை போட்டு, கம்ப்ரசரை எஞ்சினோடு சேர்த்து முடுக்கினான். ஒரு நூலைப் பிடித்து, பெல்ட் ஓடுகிற இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். மயிரிழை விலகியிருந்தது. எனக்கென்றால் அது போதும். அவன் மொத்தத்தையும் கழற்றி மறுபடி மாட்டினான். "வெலகியிருந்தா இன்னைக்கு ஓடும்ணே, ஒரு மாசத்துல பெல்ட்ட அத்துவிட்டுரும்" என்றான். குழாய்களை மதுரைக்குக் கொண்டுபோய் நீளம் கூட்டி வந்தான். ஏசி போடும்போது எஞ்சின் திணறி நின்றுவிடாமல் இருக்க, வேகத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிற சின்ன டப்பா ஒன்றை வைத்தான். இழுவை குறையும் என்று சொன்ன சைக்கிளில்லாதவருக்கு அதுதான் பதில். அந்த ஒரு வாரத்தை நாலு வருஷத்துக்கு முன்னால் நான் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

நான் உண்மையைச் சொல்லப் போனேனா? போகவில்லை. விருதுநகரில் ஒரு ஏசி கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்தார், கேஸ் அடைக்கிற வாயின் மூடியைப் பார்த்தார், சிரித்தார். மூடியில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. "என்னைக் கேட்காமல் அடைக்க வேண்டாம். சேசுராஜ்." கீழே போன் நம்பர். "நீங்கதான் அந்தத் திருச்சுழிக்காரவுகளா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, பானெட்டை மூடிக் கொடுத்துவிட்டார். என் புகழ் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பத்திரிகை வைக்கக் கிளம்பினேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. உங்கம்மா கைப்பையோடு பஸ் ஸ்டாப்புக்குப் போக வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். குளிர் இல்லாவிட்டாலும் காற்றாவது வருகிறது என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என எனக்கு ஒரு ஆசை. "இங்க பாரு" என்று கூப்பிட்டு, காற்றாடிக் குமிழை முழுசாகத் திருகினேன். காற்றுப் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யும்வரை அதைத் தொடக்கூடாது என்று சேசுராஜ் இரண்டு தடவை சொல்லியிருந்தான். நாலு வருஷமாகக் கரிமூட்டக் காட்டுக்குள் போய்வந்த வண்டி. அவ்வளவு கரித்தூளும் அந்தப் பெட்டிக்குள் குடியிருந்திருக்கிறது. மொத்தமும் ஒரே மூச்சில் என் மூஞ்சிக்கு வந்தது. கண்ணைத் திறந்தபோது உங்கம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவளுக்கு சர்க்கரை பார்க்க அருப்புக்கோட்டை போனோம், வழக்கம்போலத் தனித்தனியாக. லேடி டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "இந்தத் திடீர்னு உடம்பு கொதிக்கிறது, வேர்த்து ஊத்துறது, இப்பக் கொறஞ்சிருக்காம்மா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, மாதவிலக்கு நிற்கிற வயதில் சில பெண்களுக்கு அப்படித்தான் உள்ளிருந்தே வெக்கை கிளம்பும், வெளி வெயிலும் சேர்ந்தால் தாங்காது, இவர்களுக்கு நாலைந்து வருஷமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உங்கம்மாவிடம் திரும்பினார். "வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலையாம்மா?" உங்கம்மா மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டே, கோபமில்லாமல், விலைப்பட்டியல் வாசிப்பதைப் போலச் சொன்னாள்: "சொன்னா அதையும் கதையாக்கிருவாக டாக்டர்."

தம்பி, என்னைப் பற்றி ஊரில் பலர் பலது சொல்லியிருக்கிறார்கள். நான் அதையெல்லாம் எடுத்து இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்து நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதை மட்டும் எங்கே வைத்துச் சிரிப்பது என்று தெரியவில்லை. குமாரலிங்கபுரத்துப் பந்தல் வாசலில் அவளுக்குச் சேலை நனைந்தது லாரியாலும் வெயிலாலும் மட்டுமில்லை. தன் உடம்பு தனக்கே பிடிபடாத ஒரு பயத்தில் அவள் அங்கே நின்றிருக்கிறாள். அதற்கு நான் வாளியும் துண்டும் சேர்த்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பரளச்சியில் ஒரு வீட்டுக்குப் பத்திரிகை. உங்கம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவளோடு இறங்கிய இரண்டு பெண்கள் பக்கத்திலேயே நின்று பைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று தெரியும். அதனால் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். "ஏசி சேராதுன்னு சேசுராசு சொல்லலை. அவன் ஒரு வாரம் கேட்டான், நான்தான் குடுக்கலை. நானாச் சொன்ன பொய்யி அது."

பை சரிசெய்கிற சத்தம் நின்றது. உங்கம்மா என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் நினைப்பு என் மேல் இல்லை. "அப்ப அந்தத் தம்பிய நான் சந்தையில வச்சு அத்தனை பேரு முன்னால..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "பொய் சொன்னது நீங்க, வாய விட்டது நானா." தாம்பாளத்தை என் கையிலேயே திருப்பி வைத்தாள். ரோட்டைத் தாண்டினாள். எதிர்ப்பக்கம் அருப்புக்கோட்டை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் ஒற்றை ஆளாகப் போய்ப் பத்திரிகை வைத்தேன். "தங்கச்சி வரலையா?" என்றார்கள். "வந்தா, போயிட்டா" என்றேன். நாலு வருஷத்தில் அந்த விஷயமாக நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று சொல்லலாம், அரை மணி நேரத்துக்கு முந்தினதைக் கழித்துவிட்டால்.

சாயங்காலம் சேசுராஜ் போன் செய்தான். அவன் குரலே மாறியிருந்தது. "மதினி பட்டறைக்கு வந்தாகண்ணே. நாலு கஸ்டமர் நிக்கும்போதே 'தம்பி, தெரியாமப் பேசிட்டேன், மனசுல வச்சிக்கிராத'ன்னாக. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நாளைக்கு வண்டியக் கொண்டாங்க." மறுநாள் காற்றுப் பெட்டியைக் கழற்றிக் கரியெல்லாம் கழுவி, குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, தன் கையால் அந்த அட்டையை அறுத்துப் போட்டுவிட்டு கேஸ் அடைத்தான். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசருக்கு வருகிற குழாயில் முத்து முத்தாக நீர் பூத்தது. "வேர்க்குது பாருங்க. பைப்பு வேர்த்தா உள்ள இருக்கவுகளுக்கு வேர்க்காது" என்றான்.

ஏசி சில்லென்று அடிக்க வண்டியை வாசலில் நிறுத்தி, "ஏறிப் பாரு" என்றேன். உங்கம்மா கதவைக்கூடத் தொடவில்லை. "ஏசி இல்லாததுக்காக ஏறாம இருந்தேன்னு யாரு சொன்னது? பஸ்ஸுல என்ன ஏசியா ஓடுது. போற எடத்துக்கு ஒரு கதையாகாமப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்" என்றாள். ஒரு வார வேலை, மதுரைக் குழாய், நூல் பிடித்த பெல்ட் எல்லாம் வாசலில் வெட்டியாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. கோக்க வேண்டியது வேறொன்று பாக்கியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

இடையில் ஒரு கோடை மழை நல்ல சாத்து சாத்தியது. உன் மாமா வீட்டுப் பாதை களியாகிவிட்டது. பரளச்சி ஆட்டோக்காரர், "அக்கா, உள்ள வந்தா நான் ஆட்டோவ அங்கயே வித்துட்டுத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டார். முகூர்த்தத்துக்கு இன்னும் சில நாள்தான். உங்கம்மா அலமாரியைத் திறந்து அந்தப் பத்திரிகையை எடுத்தாள். "அண்ணன் வீட்டுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். நான் ஏசியைப் போட்டேன். பரளச்சி வரைக்கும் அவள் காற்று ஓட்டையைத் திருப்பவில்லை, அது பாட்டுக்குக் கூரையைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. பாதைக்குள் இறங்கியதும் நாலு சக்கரத்தையும் கோத்தேன். வண்டி களியில் ஆடி ஆடிப் போனது. எஞ்சின் ஒரு இடத்திலும் திணறவில்லை. இழுவையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

மாமா வீட்டில் பத்திரிகை வைத்து, வெற்றிலை பாக்கு மாற்றி, மோர் குடித்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உன் மாமா மகனுக்குப் போன வருஷம்தானே கல்யாணமானது. அந்த மருமகளும் அவளுடைய தாயும் உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமா சாய்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மாப்ள, அந்தக் குமாரலிங்கபுரம் கதைய எடுத்து விடுங்க. எங்க மருமக கேட்டதில்லை."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மருமகளின் தாய் சிரிப்பதற்குத் தயாராக முந்தானையை வாயருகே கொண்டுபோய்விட்டார். உங்கம்மா கையில் மோர் டம்ளர். அவள் குடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. அந்தக் கதையின் முதல் வாக்கியம் என் நாக்கு நுனிக்குத் தானாக வந்து நின்றது. நாலு வருஷப் பழக்கம் அல்லவா.

"எனக்கு மறந்துபோச்சு மச்சான்" என்றேன்.

"மறந்துபோச்சா? ஒங்களுக்கா? போன பொங்கலுக்குக்கூட வாளியோட சொன்னீகளே."

"வயசாகுதுல்ல மச்சான். மறந்துபோச்சு."

கூட்டம் சப்பென்றாகிவிட்டது. நான் மறந்துபோச்சு என்று சொன்னதை நம்ப முடியாமல் உன் மாமா என் கண்ணையே பார்த்தார், கண்ணில் ஏதோ கோளாறு என்பதுபோல. அப்போது உங்கம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு சொல்றேன்ண்ணே" என்றாள். வெள்ளை வேட்டியில் ஆரம்பித்தாள். "இங்க பாரு" என்று நான் கூப்பிட்டதை என் குரலிலேயே கூப்பிட்டுக் காட்டினாள். கரித்தூள் வந்த சத்தத்துக்குக் கன்னத்தை உப்பி ஊதினாள். கண்ணும் பல்லும் மட்டும் தெரிய நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததைச் சொல்லி, "நல்லவேளை, மடியில பத்திரிகை இருந்துச்சு. இல்லைன்னா அடையாளம் தெரியாம வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்" என்று முடித்தாள். உன் மாமா இருமி இருமிச் சிரித்தார். மருமகள் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். கதையாக ஆக்கப்படுகிறவன் சிரிக்கும்போது பல் மட்டும்தான் சிரிக்கிறது, மற்றதெல்லாம் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் அதை நாலு வருஷம் செய்திருக்கிறாள். எனக்கு நாலு நிமிஷம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

உனக்கு வரப்போகிறவள் சிரிக்கிறாள் என்பதற்காக அவளுக்குச் சிரிப்பு வருகிறது என்று முடிவுகட்டாதே. அப்புறமாகத் தனியே கேட்டுப் பார். என் தரப்பிலிருந்து உனக்குத் தர இதைவிடப் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. மீதியெல்லாம் பெட்ரோல் பங்க்கில் மீட்டரைப் பார் என்கிற மாதிரிச் சில்லறை.

திரும்பும்போது பரளச்சி ஸ்டாப்பில் பஸ் நின்றுகொண்டிருந்தது. உங்கம்மாவின் பஸ் கூட்டாளிகள் இரண்டு பேர் ஜன்னலில் தெரிந்தார்கள். அண்ணன் வீட்டுக்கு மட்டும் என்று சொன்னவள் அல்லவா, இறங்குவாள் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அவள் கண்ணாடியை இறக்கினாள். "ஏ மதினி, பஸ்ஸுக்கு வரலையா?" என்று அங்கிருந்து ஒரு குரல். "நீங்க போங்க, நான் இதுல வாரேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் நிப்பாட்டுறீக? கண்ணாடி எறங்கியிருக்கு, குளிரு வெளிய போகுதுல்ல" என்றாள். கண்ணாடியை ஏற்றினாள். கையை நீட்டிக் காற்று ஓட்டையைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள்.

ஆகவே, நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உன் கல்யாணத்துக்கு அம்மா ஜீப்பில்தான் வருகிறாள். சேசுராஜும் குடும்பத்தோடு வருகிறான், பின் சீட்டு அவர்களுக்கு. மண்டபத்தில் உன் கூட்டாளிகள் யாராவது என்னிடம் வந்து குமாரலிங்கபுரம் கதையைக் கேட்டால், அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நீயே சொல்லிவிடு. கரித்தூள் கதை வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்கச் சொல். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறேன்.

உன் அப்பா